கொள்ளிடத்து ஊற்றில் கூப்பிட்ட பெயர்

இது நடந்தது. நம்ப மாட்டேன் என்கிறவர்களோடு சண்டை இல்லை. பூங்காவனமே நம்பாதவள்தான். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால், "உசுரோட இருக்குற நாத்தனாரையே சமாளிச்சுட்டேன், செத்தவங்க என்னைய என்ன பண்ணிடுவாங்க" என்று பேச்சை முடித்துவிடுவாள். திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக்கரை ஊர். வாய்க்கும் கைக்கும் ஓய்வே தெரியாத மனுஷி.

அப்படிப்பட்டவள் இப்போதெல்லாம் விளக்கு வைத்த பிறகு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாட்டைக்கூடக் கூப்பிடுவதில்லை. எழுந்து போய்த் தொட்டுத்தான் திருப்புவாள்.

ஏன் என்றால், 1979-ஆம் வருஷத்து வைகாசி மாதம்தான் காரணம். ஒரு வெள்ளிக்கிழமை. நடுராத்திரி இல்லை, சுடுகாடும் இல்லை. பொழுது சாயும் நேரம், பங்காளிகள் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்க நடந்தது.

பூங்காவனம் தன் புருஷன் ராசாங்கத்துக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் பெயர் சம்பூர்ணம். ராசாங்கம் சின்ன வயதில் ரங்கூனில் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். சம்பூர்ணமும் மூன்று வயது மகள் வேம்புவும் அங்கேதான் அவரோடு இருந்தார்கள். யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். ஊரே காலியானது. கப்பலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் முதலில் இடம் கிடைத்தது. மனைவியையும் மகளையும் ஏற்றிவிட்டு, "போங்க, பின்னாலயே வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் காட்டு வழியாக நடந்தார். மலை, காய்ச்சல், வழியெல்லாம் பிணம். எப்படியோ மாசக்கணக்கில் நடந்து ஊர் வந்து சேர்ந்து, சம்பூர்ணம் எங்கே என்று கேட்டார். வீட்டில் இருந்தவர்கள் அதே கேள்வியை அவரிடம் கேட்டார்கள்.

அந்தக் கப்பல் கரை சேரவில்லை. தண்ணீருக்குள்ளேயே ஒளிந்து வரும் நீர்மூழ்கி ஒன்று நடுக்கடலில் அதைக் குண்டு விட்டுப் பிளந்துவிட்டது. பட்டாளத்துக் கப்பல் இல்லை, பீரங்கி இல்லை. பெண்டு பிள்ளைகளும் மூட்டை முடிச்சும்தான் அதில் இருந்தது. யார் செத்தார், யார் பிழைத்தார் என்று சொல்ல ஆளில்லை. ராசாங்கம் மெட்ராஸ் துறைமுகத்தில் போய்ப் பைத்தியக்காரன் மாதிரி நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். பதின்மூன்று வருஷம் கழித்து, சொந்தக்காரர்கள் தொல்லை தாங்காமல் பூங்காவனத்தைக் கட்டினார்.

நல்ல மனுஷன். அடித்ததில்லை, ஒரு சொல் கூடக் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் பூங்காவனத்துக்கு ஒரு பெண் பிறந்தபோது, அந்தக் குழந்தையை அவர் கையில் வாங்கவே இல்லை. பாப்பாத்தி என்று பெயர் வைத்தார்கள். பாப்பாத்தி ஓடி வந்து மடியில் ஏறினால், மெதுவாக இறக்கி விட்டுவிட்டு வெளியே போய்விடுவார். தூக்கத்தில் மட்டும் "வேம்பு... வேம்பு..." என்பார். பக்கத்தில் படுத்திருந்த பூங்காவனம் இருபத்து நாலு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வழக்கத்தில், தாலியோடு செத்த பெண்ணைப் பூவாடை என்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு பூவாடைக்குத்தான். ஆற்றுக்கோ குளத்துக்கோ பம்பை அடித்துப் போய், தண்ணீரிலிருந்து அவளைக் கூப்பிட்டு, குடத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுச்சேலை வைத்துப் படைக்க வேண்டும். சம்பூர்ணத்தை அப்படி ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் செத்துவிட்டாள் என்று ஆகிவிடும். ராசாங்கம் அதற்குச் சம்மதிக்கவே இல்லை.

பாப்பாத்திக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. ஒன்று பாக்கு வெற்றிலை மாற்றிய பிறகு நின்றது. மூத்தவள் மனசு குளிரவில்லை என்று ஊர் பேச ஆரம்பித்தது. மூன்றாவதாக எறையூர்ச் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் பையன் அமைந்தபோது பூங்காவனம் புருஷன் முன்னால் போய் உட்கார்ந்தாள். அக்காவைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றாள். பிறகு, "சரி. கூப்புடு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கிழவராகிவிட்டதை அன்றைக்குத்தான் பார்த்ததாகப் பூங்காவனம் சொல்வாள்.

பம்பைக்காரர் செல்லமுத்து விவரமான ஆள். ஊர்க் குளம் வேண்டாம் என்றார். கடலில் போன உயிரைக் கடலுக்குப் போகிற தண்ணீரில்தான் கூப்பிட வேண்டும். அதனால் கொள்ளிடத்துக்குப் போனார்கள்.

வைகாசிக் கொள்ளிடம் எப்படி இருக்கும். கண்ணுக்கு எட்டியவரை மணல். நடு ஆற்றில் ஊற்றுத் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் கசிந்தது. பூங்காவனம் வழக்கம்போல ஒரு கை அள்ளி வாயில் விட்டாள்.

துப்பினாள்.

உப்பு.

கொள்ளிடத்து ஊற்று கற்கண்டு மாதிரி இருக்கும். பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர். செல்லமுத்துவிடம் சொன்னாள். அவரும் நக்கிப் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

குடத்தில் அந்தத் தண்ணீரையே நிரப்பி, மஞ்சள் துணி சுற்றி, மேலே பூ வைத்தார்கள். செல்லமுத்து வைக்கோல் தீயில் பம்பைத் தோலைக் காட்டிச் சூடேற்றினார். தட்டினார். கணீர் என்று வர வேண்டிய சத்தம்... பொத்... பொத்... என்று வந்தது. நனைந்த தோல் அடிக்கிற சத்தம். மறுபடி தீயில் காட்டினார். மறுபடி அதே பொத்... பொத்...

காற்று நின்றுவிட்டது. எண்ணெய் கருகிய வாடை வந்தது. சமையல் எண்ணெய் இல்லை. லாரி, இன்ஜின் இருக்கிற இடத்து வாடை. நடு ஆற்றில் ஏது இன்ஜின்?

செல்லமுத்து பெயர் சொல்லிப் பாடிக் கூப்பிட ஆரம்பித்தார். ராசாங்கத்தின் தங்கை இருசம்மாள் கை கூப்பி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத்தான் வந்தது. ஆடவில்லை. கத்தவில்லை. அப்படியே முழங்காலில் விழுந்து நடுங்க ஆரம்பித்தாள். அனல் மாதிரி மணல்... பல் கிடுகிடுவென்று அடித்தது.

"யாரு வந்திருக்கிறது?"

"சம்பூர்ணம்."

குரல் இருசம்மாளுடையது இல்லை. ராசாங்கம் இரண்டடி முன்னால் வந்தார். மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"குளிருதுங்க" என்றது அந்தக் குரல். அவரைப் பார்த்துத்தான் சொன்னது. "இத்தினி நாளா ஏன் கூப்புடல?"

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த மனுஷன் அழுது பூங்காவனம் பார்த்ததில்லை. அந்தக் குரல் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னது. "அங்க நெறையப் பேரு இருக்கோம். எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க... எங்க வூட்டுல எப்பக் கூப்புடுவாங்கன்னு."

சுற்றி நின்றவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அழுதார்கள். இரண்டாம் தாரமாக வந்தவளுக்கு மூத்தவள் மேல் பயம் உண்டு, பொறாமை உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். அன்றைக்குப் பூங்காவனத்துக்கு எல்லாம் கரைந்து போனது. இந்தப் பொம்பளை இத்தனை வருஷமாகத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறாளே என்றுதான் தோன்றியது.

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. தாயைக் கூப்பிட்டாயிற்று. பிள்ளையை யார் கூப்பிடுவது? அந்தப் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தால் இந்த மனுஷன் இனிமேலாவது நிம்மதியாகத் தூங்குவார். பாப்பாத்தியை ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

செல்லமுத்துவிடம் சொன்னாள். அவர் தயங்கினார். பிள்ளை என்றால் கண்ணால் பார்த்த சாவைத்தான் கூப்பிடலாம், இல்லையென்றால் வந்திருக்கிறவள் தன் வாயால், பிள்ளை என்னோடுதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை என்றார். பிறகு அவரே குனிந்து கேட்டார்.

"ஆத்தா... புள்ள உன்கூட இருக்கா?"

பதில் இல்லை.

மறுபடி கேட்டார். பதில் இல்லை. இருசம்மாள் நிமிர்ந்து பூங்காவனத்தைப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. கையை நீட்டிப் பூங்காவனத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஐஸ்.

"வேணாம்" என்றது குரல். "அவள மட்டும் கூப்புடாத."

எந்த இரண்டாம் தாரமும் அதை எப்படிப் புரிந்துகொள்வாளோ, அப்படித்தான் பூங்காவனமும் புரிந்துகொண்டாள். பிள்ளையைச் சக்களத்தி வீட்டுக்கு அனுப்ப மனசில்லை. என் கையில் கொடுக்கப் பயப்படுகிறாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் சொல்வேன் என்று நினைத்தாள். செல்லமுத்து தடுக்கத் தடுக்க, கையை உதறிக்கொண்டு ஊற்றுப் பக்கம் குனிந்தாள். பெற்றவள் மாதிரியே கூப்பிட்டாள்.

"வேம்பு... வாடா கண்ணு. நான் பாத்துக்கறேன், வா."

தண்ணீர் சலசலத்தது.

"வேணாம்..."

"வேம்பு... அப்பா காத்துக்கிட்டு இருக்காரு. வா."

"வேணாம்டி... கூப்புடாத..."

"வேம்பு, வா."

மூன்று தடவை. வழக்கம் மூன்று தடவைதான்.

இருசம்மாள் ஒரு ஓலம் போட்டாள். பிரசவ வலியில் கத்துவது போன்ற ஓலம். அப்படியே சரிந்தாள். அவள் சேலை இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஊற்று அவளுக்குப் பத்தடி தள்ளி இருந்தது.

குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பூங்காவனம் நடந்தாள். வழியில் இறக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் பம்பை. பின்னால் பங்காளிகள்.

குடத்துக்குள் சளக்... சளக்... என்று தண்ணீர்.

கரை ஏறினாள். தெருவில் விளக்கு ஏற்றும் நேரம்.

திடீரென்று...

குடம் கனத்தது.

ஒரு ஆள் ஏறி உட்கார்ந்த கனம். கழுத்து நொறுங்கியது. முட்டி மடங்கியது. இரண்டு பெண்கள் ஓடிவந்து தாங்கினார்கள். பிள்ளையும் வந்துவிட்டது என்று பூங்காவனத்துக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டில் இரண்டு இலை போட்டுப் படைத்தார்கள். சம்பூர்ணத்துக்குப் புதுச்சேலை. வேம்புவுக்குச் சின்னப் பாவாடை, பொட்டுக்கடலை உருண்டை. வாசலிலிருந்து இலை வரைக்கும் அரிசிமாவு தூவிவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். வந்தவர்கள் சாப்பிட வேண்டும் அல்லவா.

உள்ளே சத்தம் இல்லை. ஒரே ஒரு தடவை, யாரோ இருமியது மாதிரி இருந்தது. தண்ணீர் புரையேறினால் வருமே, அந்த இருமல்.

கதவைத் திறந்தார்கள்.

மாவில் தடம் இருந்தது.

ஈரத் தடம். ஒரு ஜோடி, வாசலிலிருந்து நேராக இலைக்குப் போயிருந்தது. நிதானமான நடை.

இன்னொரு ஜோடி... வாசலிலேயே நின்றிருந்தது. ஒரே இடத்தில் மிதித்து மிதித்து. உள்ளே வரலாமா என்று தெரியாத விருந்தாளி மாதிரி. அப்புறம்தான் மெல்ல உள்ளே வந்திருந்தது.

பூங்காவனம் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். சின்னப் பாதத்தைத் தேடினாள்.

இல்லை.

இரண்டும் பெரிய பாதம்.

இரண்டும் வளர்ந்த பெண்ணுடையது.

செல்லமுத்து பார்த்தார். முகம் செத்துப்போனது. சாப்பிடாமல், கூலிகூடக் கேட்காமல், பம்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ராசாங்கம் மட்டும் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை. கையை மட்டும் மேலே வைத்து, இவ்வளவு நீளம் என்று அளந்து பார்த்தார்.

"வளந்துருக்கும்ல" என்றார். "இத்தினி வருஷம் ஆச்சே."

பாப்பாத்தி கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. தாலி கட்டும்போது ராசாங்கம் மகள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். பூங்காவனம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தூக்கத்தில் பெயர் சொல்வதையும் அவர் விட்டுவிட்டார். கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள்.

ஆடி பிறந்தது. சீர் வரிசையோடு மகளை அழைத்துவரப் பூங்காவனம் எறையூருக்குப் போனாள். அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ். காலையில் கிளம்பினால் சாப்பாட்டு வேளைக்குள் போய்விடலாம்.

பாப்பாத்தி குடியிருந்த வரிசையில் கடைசி வீட்டுப் பெண் அஞ்சலை. பதினேழு வயசிருக்கும். அவளுடைய அம்மா இறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அப்பா ஆலைக்குப் போய்விட்டால் தனியாகக் கிடக்கிறது, ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வாம்மா என்றாள் பாப்பாத்தி. பூங்காவனம் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவிக் கொடுத்து, அம்மாவுக்கு என்ன நோவு என்று கேட்டாள்.

நோவே இல்லை என்றாள் அஞ்சலை. நாற்பது வயசு. அதுவரைக்கும் ஒரு தலைவலி என்று படுத்தது இல்லை. வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம். முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து வாசலைப் பார்த்தாளாம்.

பூங்காவனத்தின் கை அந்தப் பெண்ணின் தலையிலேயே நின்றுவிட்டது. உன் அம்மா பெயர் என்ன என்று கேட்டாள்.

"வேம்பு" என்றாள் அஞ்சலை. "பெத்தவங்க வச்ச பேரு. அது ஒண்ணுதான் அம்மாவுக்குத் தெரியும், பெரியம்மா. யுத்தத்துல ரங்கூன்லேருந்து வந்த கப்பல்ல இருந்துச்சாம், மூணு வயசுல. கப்பல் முழுவுனப்ப அவங்கம்மா அதைப் படகுல தூக்கிப் போட்டுட்டுத் தண்ணியிலயே நின்னுடுச்சாம். படகுல இடமில்லையாம். அதே படகுல வந்த ஒரு பெரம்பலூர்க்காரங்க எடுத்து வளத்தாங்க. எந்த ஊருன்னு கேட்டா, 'அப்பா பின்னாலயே வரும்'னு மட்டும் சொல்லுமாம். வேற ஒண்ணும் தெரியல."

காலையில் கிளம்பினால் சாப்பாட்டு வேளைக்குள் வந்துவிடக்கூடிய தூரம். முறைப்படி பார்த்தால் பூங்காவனம் இந்தப் பெண்ணுக்குப் பெரியம்மா இல்லை. அம்மாயி, பாட்டி முறை.

அஞ்சலை பேசிக்கொண்டே இருந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவள் மாதிரி பேசினாள்.

"யாரோ கூப்புடுறாங்கடின்னுச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல. ரெண்டு பேரு குரல் கேக்குதுன்னுச்சு. ஒருத்தங்க வாடா கண்ணு, நான் பாத்துக்கறேன்னு கூப்புடுறாங்களாம். இன்னொருத்தங்க வேணாம், வராதன்னு அழுவுறாங்களாம். அம்மா பயந்து போச்சு. போவட்டுமா வேணாமாடின்னு என்னையக் கேட்டுச்சு."

அடுப்புப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நான் அடுப்புல இருந்தேன், பெரியம்மா. வாசல்ல யாரோ வந்திருக்காங்கபோலன்னு நெனச்சுக்கிட்டேன். பாசமாத்தானே கூப்புடுறாங்க, போய்ப் பாரும்மான்னு சொன்னேன். முறத்த வச்சுட்டு எந்திரிச்சுது. வாசப்படியிலயே சாஞ்சுடுச்சு. வாயிலேருந்து தண்ணியா வந்துச்சு. தொடைச்சு விட்டேன். எல்லாம் உப்பு."

பிறகு அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். கூப்பிட்ட அந்தக் குரல் யாருடையதாக இருக்கும், பெரியம்மா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று.

பூங்காவனம் அந்தப் பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மகளை அழைத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறி ஊர் வந்தாள். ராசாங்கம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எறையூரில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார்.

"எல்லாரும் சௌக்கியந்தாங்க" என்றாள்.